ஸ்க்ரெம்ப்ளர் வாங்கி வேலைக்குப் போகலாமா?

பழைய மோட்டார் விற்கும் விளம்பரங்களை மேய்கிறவர்களுக்கு ஒரு வகை விளம்பரம் நன்றாகப் பழகியிருக்கும். படத்தில் உயரமாக ஒரு ஸ்க்ரெம்ப்ளர் நிற்கும். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவு. கீழே மலாயில் 'மோட்டோர் கெபுன்' என்று இரண்டே சொல். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டும் மோட்டார் என்று அர்த்தம். கிராண்ட் என்கிற பதிவுச் சான்று கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சாலை வரி எடுக்க வழியே கிடையாது என்பதை நாசூக்காகச் சொல்லும் முறை அது. கிள்ளானில் குடியிருந்து பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிற ஒரு தம்பி, 'தினமும் இதிலேயே போய்வரலாம், சனி ஞாயிறில் சேற்றிலும் இறங்கலாம்' என்று கனவு காண்பான் அல்லவா, அவன் முதலில் ஏமாறுகிற இடம் இதுதான்.

மண்ணில் ஓடும் மோட்டாருக்கெல்லாம் நம்மூரில் ஸ்க்ரெம்ப்ளர் என்று ஒரே பெயர். உள்ளே பார்த்தால் அவை இரண்டு வேறு இனம். ஒன்று பந்தயத்துக்கென்றே செய்தது. மற்றது தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே செய்தது. அதை டுவல்-ஸ்போர்ட் என்பார்கள். ஹோண்டாவில் சிஆர்எஃப் 250 ஆர் என்று ஒன்று உண்டு, சிஆர்எஃப் 250 எல் என்று ஒன்று உண்டு. கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது. 'ஆர்' பந்தய வண்டி: எடை 105 கிலோ சுமாருக்கு, சக்தி ஏறக்குறைய 40 குதிரைத்திறன். விளக்கு, ஹார்ன், பக்கக் கண்ணாடி, மீட்டர் எதுவும் கிடையாது. சாவி கிடையாது. பக்கத் தாங்கிகூடக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் முக்கோணக் கம்பி ஒன்றைச் சக்கரத்தில் செருக வேண்டும். அதை ஜாலான் துன் சம்பந்தன் ஓரம் நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் வண்டி இருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். 'எல்' வண்டிக்கு இவை அனைத்தும் உண்டு. எடை 140 கிலோவைத் தாண்டும், சக்தி 'ஆர்' வண்டியில் பாதிக்குச் சற்று மேல். குறைவாகத் தெரியும் இந்த எண்களால்தான் அது தினசரி ஓடுகிறது.

இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் விற்றுக் காட்டியது யமஹா. 1968-இல் அது அமெரிக்காவில் இறக்கிய டிடி-1 என்ற 250 சி.சி. வண்டியை வீட்டு வாசலில் உதைத்துக் கிளப்பி, தார்ச்சாலையில் ஓட்டி, காட்டுப் பாதையில் இறக்கி, அதே வண்டியில் வீடு திரும்பலாம். அதன் வழியில் வந்தவைதாம் நம் அண்ணன்மார் ஓட்டிய யமஹா டிடி, சுசுக்கி டிஎஸ் எல்லாம். இன்று கடைகளில் அதிகம் கண்ணில் படுவது கவாசாக்கி கேஎல்எக்ஸ் வரிசை.

சட்டத்துக்கு வருவோம். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 7-ஆம் பிரிவு பதிவு இல்லாத வாகனத்தை ஓட்டக்கூடாது என்கிறது. 15-ஆம் பிரிவு சாலை வரியைக் கேட்கிறது, 90-ஆம் பிரிவு காப்புறுதியைக் கேட்கிறது. மூன்றும் ஒரே சங்கிலி: பதிவு இல்லாவிட்டால் காப்புறுதி கிடைக்காது, காப்புறுதி இல்லாவிட்டால் சாலை வரி எடுக்க முடியாது. சாலைத் தடுப்பில் பிடிபட்டால் சம்மனோடு வண்டியும் போகும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பதிவில்லாத வண்டியில் போய் நடைபாதையில் ஒருவரை இடித்துவிட்டால், அவருடைய மருத்துவச் செலவும் நஷ்ட ஈடும் ஆயுளுக்கும் உங்கள் தலையில்தான். இதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

'விளக்கு, சமிக்ஞை, ஹார்ன் எல்லாம் மாட்டி ஜே.பி.ஜே.யில் பதிந்துவிடலாம், அண்ணே' என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படி ஒரு வழி உண்டு. இங்கே ஒரு மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த வகைக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வாங்கப்படுகிறது. பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் பட்டறையில் ஒரு விளக்கை ஒட்டவைத்துக் கொண்டுபோய் நின்றால் அந்த ஒப்புதல் கிடைத்துவிடாது. இதைவிட மோசமான குறுக்குவழி, பழைய வண்டியின் கிராண்டைப் பந்தய வண்டிக்கு ஒட்டவைப்பது. எஞ்சின் எண்ணையோ சேசிஸ் எண்ணையோ மாற்றி அடிப்பது குற்றம். அந்த வண்டியைத் தெரியாமல் வாங்கியவரும் வண்டியை இழப்பார். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒரு துணியும் கைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் அப்பியிருக்கும் மண்ணைத் துடைத்து, அடித்திருக்கும் எண்ணை எழுத்தெழுத்தாகக் கிராண்டோடு ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் விலை பேசாமலே திரும்பிவிடுவது நல்லது.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டாலும் பந்தய எஞ்சின் தினசரி ஓட்டத்துக்கு உதவாது. சிஆர்எஃப் 250 ஆர் வண்டியின் கையேடு பராமரிப்பை மணிக்கணக்கில் சொல்கிறது: ஏறக்குறைய 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எஞ்சின் எண்ணெய் மாற்று, அதே கணக்கில் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்று. இதைக் கிள்ளான் கணக்கில் போட்டுப் பாருங்கள். கிள்ளான் பட்டணத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சுமார் 35 கிலோமீட்டர். நெரிசலில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. பத்து வேலை நாளில் 15 மணி நேரம் முடிந்துவிடும். பந்தயத்தில் முறுக்குகிற மாதிரி நீங்கள் முறுக்கப் போவதில்லை, ஆகவே கெடு கொஞ்சம் நீளும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சம்பளத்துக்குச் சம்பளம் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். டுவல்-ஸ்போர்ட் வண்டியின் கையேடோ மற்ற மோட்டார்களைப் போலக் கிலோமீட்டரில், அதுவும் ஆயிரக்கணக்கில் பேசுகிறது.

எஞ்சினோடு முடிவதில்லை. பந்தய வண்டியின் கியர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, குறுகிய வளைவிலிருந்து சீறி வெளியேறுவதற்காக. நெடுஞ்சாலையில் 90-இல் பிடித்தால் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். பின் சக்கரத்தின் நடுவில் அதிர்ச்சியை உள்வாங்கும் ரப்பரும் அதற்குப் பெரும்பாலும் இருக்காது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த அதிர்ச்சியை விழுங்கிவிடும். தார் அப்படி வழுக்கிக் கொடுக்காது, அடி முழுவதும் சங்கிலிக்கும் கியர் பெட்டிக்கும் போகும்.

ஆகவே வாங்குவது டுவல்-ஸ்போர்ட்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு டயரில் நடக்கும். வண்டி வாங்கிய கையோடு, பார்க்க மிரட்டலாக இருக்க வேண்டும் என்று பந்தயக் கட்டை டயரை மாட்டுகிறார்கள். ஆணிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் ஓடுவதைப் போலத்தான் அது. மண்ணில் அந்தக் கட்டைகள் உள்ளே இறங்கிப் பிடிக்கும். தாரில் இறங்க இடமில்லை, ஆகவே கட்டைகளின் தலை மட்டும்தான் சாலையைத் தொடுகிறது, நடுவில் எல்லாம் வெறும் காற்று. வளைவில் சாய்த்தால் ஓரத்துக் கட்டைகள் மடங்கும். அப்போது வண்டி ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்கிற மாதிரி இருக்கும், புதிதாக ஓட்டுபவருக்கு வயிறு கலங்கிவிடும். பிரேக் பிடித்தாலும் இதே கதைதான். தார்ச்சாலையில் ஓடிய ஒரு பின் கட்டை டயரைத் தொட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும். தினம் 70 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் மாதத்துக்கு 1,540 கிலோமீட்டர். மென்மையான பந்தயக் கட்டை இரண்டு மாதம் தாங்கினால் பெரிது.

வேலைக்குப் போகிறவருக்கு ஏற்றது, கட்டைகள் நெருக்கமாக இருக்கும் பாதிக்குப் பாதி டயர். டயரின் பக்கவாட்டில் சாலைக்கு ஏற்றது என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 'பந்தயத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம். காற்றழுத்தத்தைக் கையேடு சொல்கிறபடி வையுங்கள். இந்த வண்டிகளில் பலவற்றுக்குத் தாரில் 22 பி.எஸ்.ஐ.யும் அதற்கு மேலும் வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்கள் 15 வரை இறக்குவார்கள், சிலர் இன்னும் கீழே. அதே அழுத்தத்தோடு நெடுஞ்சாலை ஏறுவதுதான் ஆபத்து. டயர் நெளியும், சூடேறும், ரிம்மில் நகர்ந்து டியூபின் வாலைப் பிய்த்துவிடும். சின்னக் கைப் பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். உபரி டியூப் ஒன்றுதான் எடுத்துப்போக முடியும் என்றால் முன் சக்கரத்து 21 அங்குல டியூபை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்னாலிருக்கும் 18 அங்குலச் சக்கரத்தில் திணித்து வீடு வந்து சேரலாம். பின் டியூபை முன்னால் போடுவது நடக்காத காரியம்.

உயரமும் ஒரு விஷயம். சிஆர்எஃப் 250 எல் வண்டியின் இருக்கை தரையிலிருந்து 875 மில்லிமீட்டர், பந்தய 'ஆர்' 950-ஐத் தாண்டும். சராசரி உயரமுள்ள நம்மவருக்கு 'எல்' வண்டியிலேயே நுனிக்கால்தான் எட்டும். கே.எல். சென்ட்ரல் பக்கம் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று நின்று போகும்போது இது தெரியும். பள்ளம் இருக்கிற பக்கம் காலை ஊன்றினால் வண்டி சாய்ந்துவிடும், ஆகவே நிற்பதற்கு முன்பே மேடான பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முன் ஃபோர்க் கால் மீட்டர் அளவுக்கு அமுங்கி எழும். பிரேக்கைச் சட்டென்று அமுக்கினால் மூக்கு குத்துகிற மாதிரி முன்பக்கம் இறங்கும். பயப்பட வேண்டாம். லிவரை இரண்டு கட்டமாகப் பிடித்துப் பழகுங்கள்: முதலில் மெல்லப் பிடித்து ஃபோர்க்கை அமுங்கவிட்டு, பிறகு இறுக்குங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் ஓட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையை விட்டுவிட முடியாது. 1970-களில் போடத் தொடங்கிய இந்தத் தனிப்பாதை உலகத்திலேயே இந்த வகையில் முதலாவது என்பார்கள். லோரிகளோடும் கார்களோடும் இடிபடாமல் ஷா ஆலாமையும் பெட்டாலிங் ஜெயாவையும் தாண்டிவிடலாம் என்பது பெரிய வரம். ஆனால் அது கப்சாய் என்கிற சின்ன மோட்டார்களுக்காக அளந்து போட்ட பாதை. சந்திப்புகளுக்கு அடியில் நுழையும் இடங்களில் வளைவு திடீரென்று இறுகும், இரண்டு பக்கமும் சுவர் அல்லது இரும்புத் தடுப்பு. சிஆர்எஃப் 250 எல் வண்டியின் ஹேண்டில் 815 மில்லிமீட்டர் அகலம். பின்னாலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் கப்சாய்க்காரர், நீங்களும் அவரைப் போல ஒடுங்குவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் முந்துகிறார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் பாலங்களுக்கு அடியில் மோட்டார்கள் இரண்டு மூன்று வரிசையாக நின்றுவிடும், பாதையில் பாதிதான் மிஞ்சும். சுரங்க வழிகளில் வெயில் படாத ஈரம், பாசி, மணல். ஸ்க்ரெம்ப்ளர் ஓட்டுகிறவர், ஈர மண் பழக்கம் என்பதால் ஈரத் தாரும் அப்படித்தான் என்று நினைப்பார். மண்ணில் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்க நேரம் கிடைக்கும். வெள்ளைக் கோட்டின் மீதோ, மேம்பாலத்தின் இரும்பு இணைப்பின் மீதோ, சாக்கடை மூடியின் மீதோ வழுக்கினால் அந்த நேரம் கிடைக்காது. கோடுகளைச் சாய்ந்தபடி கடக்காதீர்கள், நிமிர்ந்து கடங்கள். நம் நாட்டுச் சாலைச் சாவுகளில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும்தான். அதனால்தான் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இலிருந்து இருக்கிறது.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். நிறையும் உண்டு, அது பெரிய நிறை. போர்ட் கிள்ளானுக்குக் கொள்கலன் லோரிகள் இரவும் பகலும் ஓடி ஓடிக் காப்பார் சாலையையும் பந்திங் சாலையையும் என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்பது அங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மழைநீர் நிரம்பிய குழிக்குள் கப்சாயின் சின்னச் சக்கரம் விழுந்தால் ஆளைத் தூக்கி எறியும். 21 அங்குல முன்சக்கரமும் நீண்ட சஸ்பென்ஷனும் அதே குழியை ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும். உட்கார்ந்தபடியே கார்களின் கூரைக்கு மேல் பார்க்கலாம். என் கணக்கில், கிள்ளான் பக்கம் தினமும் ஓட்டுகிறவருக்கு டுவல்-ஸ்போர்ட் ஆடம்பரம் இல்லை. சாலையின் நிலைமையே அதைக் கேட்கிறது.

மண்ணில் இறங்கும் ஆசையே இல்லை, தோற்றமும் உயரமும் மட்டும் பிடித்திருக்கிறது என்றால் சூப்பர்மோட்டோ உண்டு. அதே ஸ்க்ரெம்ப்ளருக்கு 17 அங்குலச் சக்கரமும் சாலை டயரும் போட்டது. கவாசாக்கியின் டி-டிராக்கர் இந்த வகை. நகரத்துக்குள் வளைத்து ஓட்ட அதற்கு இணை கிடையாது.

சரி, மண் எங்கே இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சேற்றைக் காண முப்பது, நாற்பது கிலோமீட்டர் தாரில்தான் ஓட வேண்டும். கிழக்கே உலு லங்காட், செமினி. தென்மேற்கே தெலுக் பங்லிமா காராங் தாண்டிக் கேரித் தீவு. கேரித் தீவு முழுக்கச் செம்பனை. பெரும்பகுதி 2024 வரை சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரில் இருந்து இப்போது எஸ்டி கத்ரி ஆகியிருக்கும் நிறுவனத்தின் தோட்டங்கள். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து தமிழர்களின் வேர்வை விழுந்த மண் என்றாலும் அது தனியார் நிலம். அனுமதி கேட்காமல் உள்ளே போகக்கூடாது. உலு லங்காட் பக்கம் நிரந்தர வனக் காப்பகம் என்றால் வனத்துறையின் பெர்மிட் வேண்டும். பந்தயம், போட்டி போன்றவற்றில் ஏற்படும் சேதத்தைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை, அந்தப் பக்கத்தையும் படித்து வையுங்கள்.

தோட்டப் பாதையில் புதிதாகப் போகிறவரைக் கவிழ்ப்பது சேறு இல்லை, வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள்தாம். மட்டையின் அடிப்பகுதி முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் நிற்கும். மழைக்குப் பிறகு செம்மண் பாதையின் நடு மேடு வழுக்கும், லோரிச் சக்கரம் பதிந்த தடத்துக்குள் ஓடுவதே பத்திரம். அங்கே உங்களைச் சாதாரண ஈஎக்ஸ்5 கப்சாய் ஒன்று கடந்துபோகலாம். குலை வெட்டுகிற தொழிலாளி, நீளக் கம்பில் மாட்டிய அரிவாளைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, வழுவழுத்த டயரில் அதே சேற்றில் போவார். அவருக்கு அது டுவல்-ஸ்போர்ட் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியாகப் பணமும் லைசன்ஸும். பி2 லைசன்ஸ் 250 சி.சி. வரைக்கும்தான். அதற்கு மேல் 500 வரை பி1, அதையும் தாண்டினால் முழு பி. ஹோண்டாவின் சிஆர்எஃப் 300 எல் 286 சி.சி., ஆகவே பி2 வைத்திருப்பவர் அதை ஓட்டக்கூடாது. கடையில் இதைக் கேட்காமலே பணம் வாங்குகிறவர்களும் உண்டு. தீபகற்பத்தில் சாலை வரி 150 சி.சி. வரை ஒரு சுமையே இல்லை, ஆண்டுக்கு 201-இலிருந்து 250 வரை 50 வெள்ளி, 251-இலிருந்து 500 வரை 100 வெள்ளி. கேஎல்எக்ஸ் 150-இன் எஞ்சின் உண்மையில் 144 சி.சி., ஆகவே அதற்கு வரிக் கவலை இல்லை. 80-க்கு மேல் அது மூச்சு வாங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் 70 கிலோமீட்டர் என்றால் 230 அல்லது 250 சி.சி. வண்டிதான் உடம்புக்கு நல்லது. எஞ்சின் நெடுஞ்சாலையில் இரைகிறது என்று தோன்றினால் எக்ஸாஸ்டை மாற்றப் போகாதீர்கள். சத்தத்துக்கு 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன, தொந்தரவுதான் மிஞ்சும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் போதும்: 13 பல்லை 14 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும். மண்ணில் மெதுவாக ஏறும் இழுவை கொஞ்சம் போகும். தினமும் வேலைக்குப் போகிறவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தோட்டத்திலிருந்து திரும்பும்போது, பெரிய சாலை ஏறுவதற்கு முன் ஒரு கார் கழுவும் கடையில் நிறுத்துங்கள். நம்பர் பிளேட், பின்விளக்கு, பிரேக் டிஸ்க் மூன்றிலும் உள்ள சேற்றை அடித்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். கட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் மிச்சச் சேறு அப்போதுதான் உதிரும்.